தவராசா அண்ணையின் காதுக்குக் கேட்டவை

சனிக்கிழமை காலை மைதானத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். கோடு போடும் வண்டியில் சுண்ணாம்பு முடிகிற நேரம் எங்கள் அணியின் நிரோஷன் போன் எடுத்தான். "கோச், தவராசா அண்ணை மோசம் போயிட்டாராம். விடியப்புறம் நெஞ்சுக்குள்ள நோகுது எண்டு எழும்பினவராம், அப்பிடியே உயிர் போயிட்டுதாம்." கெட்ட செய்தி வந்தால் சொன்னவனோடு சண்டைக்குப் போகிற பழக்கம் எனக்கு. "ஆர் உனக்குச் சொன்னது? ஒழுங்கா விசாரிச்சனியோ?" என்று பாய்ந்தேன். அண்ணையின் மனைவி மலர் அக்காவே எடுத்துச் சொன்னாவாம். மிச்சக் கோட்டையும் போட்டு முடித்தேன். பின்னேரம் மாட்ச் இருந்தது.

இதை வாசிக்கிற உங்களில் பலர் அவரிடம் ஒருமுறையாவது மஞ்சள் அட்டை வாங்கியிருப்பீர்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எண்பதுகளில் சுவிஸுக்கு அகதியாக வந்து, டாவோஸில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவி, பிறகு சோலோதுர்னில் வீடெடுத்து, ஓல்டனுக்குப் பக்கத்தில் ஒரு பொருட்களஞ்சியத்தில் கடைசிவரை வேலை செய்த மனிதர். சனி ஞாயிறுகளில் இந்த வட்டாரத்தின் கீழ்ப்பிரிவு உதைபந்தாட்டங்களுக்கு நடுவர். இங்கே ஒவ்வொரு கழகமும் உதைபந்தாட்டச் சங்கத்துக்கு நடுவர்களைக் கொடுக்க வேண்டும். எங்கள் தமிழ்க் கழகத்துக்கு வாருங்கள் என்று நான் கெஞ்சாத குறை. அவர் ஒரு கிராமத்துச் சுவிஸ் கழகத்தில் பேரைக் கொடுத்துவிட்டு வந்து சிரித்தார். "உங்கட கழகத்தில சேர்ந்தால் உங்கட மாட்சுக்கு நான் விசில் ஊத ஏலாதே. உங்களுக்கு ஊதுறதுதான் எனக்கு விருப்பம்." அதன் பலனை நாங்கள் நிறையவே அனுபவித்தோம்.

ஒருமுறை கோயில் திருவிழாக் காலம். எங்கள் முன்வரிசைக்காரன் ஒருவன் காவடி எடுக்க நேர்ந்து காப்புக் கட்டியிருந்தான். மஞ்சள் பூசிய வெறும் நூல்தான். திருவிழா முடியும்வரை அவிழ்க்கக் கூடாது. அண்ணை கையைப் பார்த்தார். "கையில கழுத்தில ஒண்டும் இருக்கக் கூடாது. கழட்டு, இல்லாட்டி வெளியில இரு." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அண்ணை, நீங்களும் சைவம்தானே?" என்று கேட்டேன். "நான் சைவம்தான். விசில் சைவமில்லை" என்றார். சொல்லிவிட்டு நேரே எதிரணியின் பக்கம் போனார். ஆரே ஆற்றங்கரை ஊர் ஒன்றின் கழகம் அது. அதன் அணித் தலைவர் உர்ஸ் என்ற தச்சுவேலைக்காரர், ஞானஸ்நானத்தில் போட்ட சிலுவைச் சங்கிலியைக் கழற்றாமல் விளையாடுபவர். மற்ற நடுவர்கள் அதன்மேல் பிளாஸ்டர் ஒட்டச் சொல்லி விட்டுவிடுவார்கள். அண்ணை விடவில்லை. உர்ஸ் முணுமுணுத்தபடி கழற்றி ஒரு சப்பாத்துக்குள் வைத்தார். எங்கள் பெடியன் காப்பை அவிழ்க்காமல் வெளியில் இருந்தான்.

விளையாட்டு முடிந்ததும் நான் அண்ணையை மறித்தேன். "அந்தாள் சங்கிலியை இப்ப திரும்பப் போட்டிட்டார். என்ர பெடியன் காப்பை அறுத்திருந்தால் திரும்பக் கட்டேலுமோ? இதுதான் உங்கட நியாயமோ?" அவர் கோபிக்கவில்லை. யோசித்துக்கொண்டே தன் பையைப் பூட்டினார். "நீ சொல்லுறது சரி. விதி ஒண்டு. ஆனா சுமை ஒண்டில்லை." அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அந்த மாரிகாலம் முழுக்கச் சங்கத்துக்கு விடாமல் எழுதியிருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. அடுத்த திருவிழாவுக்கு, நேர்த்தி நூலின்மேல் துணிப்பட்டி போட்டு விளையாடலாம் என்று அனுமதி வந்தது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை மனுசன்.

இனி நான் சொல்லப்போவது உங்களில் சிலருக்குப் பாதி தெரியும். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு அவரைத் திட்டியவர்களும் இருக்கிறீர்கள். முன்வரிசையில் நின்று திட்டியவன் நான்தான். ஆகவே முழுதையும் சொல்லும் கடமை எனக்கு உண்டு.

உர்ஸின் ஊரில் அவர்களுடைய மைதானத்தில் பாதியை எடுத்துக் கார் தரிப்பிடம் கட்டுவதற்கு ஊர்சபை திட்டம் போட்டது. வாக்கெடுப்பு வர இருந்தது. அதற்கு முந்திய மாட்சில், தொடக்க விசில் ஊதிய பிறகும் அவர்கள் பந்தைத் தொடவில்லை. பதினொரு பேரும் நடுவில் கைகோர்த்து நின்று, திட்டத்துக்கு எதிராக ஒரு பதாகையை விரித்தார்கள். எதிரணியும் நின்று கைதட்டியது. சனமெல்லாம் கைதட்டியது. உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. அன்றைக்கு நடுவர் தவராசா அண்ணை. நான் சும்மா பார்க்கப் போயிருந்தேன். அண்ணையும் விசிலைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு கைதட்டினார். எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது. மைதானத்துக்காக நிற்காதவன் என்ன விளையாட்டுக்காரன்?

அதே பருவத்தில் அதே மைதானத்தில் நாங்கள் அவர்களோடு விளையாடினோம். நடுவர் அண்ணையேதான். எங்கள் நிரோஷன் இங்கே பிறந்தவன், சோலோதுர்னில் மின்வேலை செய்பவன், கரிய நிறம், நெற்றியில் திருநீறு இல்லாமல் இறங்கமாட்டான். அவன் கால் பந்தில் பட்ட நேரமெல்லாம் கோலுக்குப் பின்னால் வேலியோரம் நின்ற சிலர் குரங்குச் சத்தம் போட்டார்கள். அவன் என்னைப் பார்த்தான். நான் அண்ணையைப் பார்த்தேன். அண்ணை பந்தைப் பார்த்தார். இரண்டாம் பாதியில் நிரோஷன் கோல் அடித்தான். ஓடவில்லை, கத்தவில்லை. அந்த வேலிக்கு முன்னால் போய் ஒரு முழங்காலை ஊன்றி, இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பிக்கொண்டு அப்படியே இருந்தான். சத்தம் நின்றது. அண்ணை ஓடிவந்து மஞ்சள் அட்டையைத் தூக்கினார். நிரோஷனுக்கு ஏற்கெனவே ஒரு மஞ்சள் இருந்தது. ஆகவே சிவப்பு.

பார்வையாளரைத் தூண்டும் ஆர்ப்பாட்டம் என்று அறிக்கையில் எழுதினார். அப்படி எழுதினால் ஒரு மாட்ச் தடையோடு முடியாது. விசாரணை வரும், பருவம் முழுக்கவும் தடை போடலாம். மேற்பிரிவுக்கு ஏறுகிற மாட்ச் எங்களுக்கு முன்னால் இருந்தது. நிரோஷன் உடை மாற்றும் அறையில் சப்பாத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டான். வெளியே வந்த பிறகுதான் கேட்டான். "கோச், உர்ஸ் ஒவ்வொரு முறையும் நெத்தியில நெஞ்சில சிலுவை போட்டிட்டுத்தானே இறங்குறார். நான் கும்பிட்டால் ஏன் தூண்டுறது?" அண்ணை கைகொடுக்க வந்தபோது நான் கையைக் கொடுக்கவில்லை. "வெள்ளையனுக்கு நல்லபிள்ளையா இருக்கிறதுக்கு எங்கட பெடியனைப் பலி குடுத்திட்டியள்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

அடுத்த நாளே அவர் போன் எடுத்தார், நான் தொடவில்லை. திங்கள் பின்னேரம் நான் சமையல் செய்கிற முதியோர் இல்லத்துக்கே வந்துவிட்டார். குசினிக்குப் பின்னால் நின்று கதைத்தோம். நான் மரக்கறி வெட்டியபடியே நின்றேன், அவரை இருக்கச் சொல்லவில்லை.

"கார் பார்க் மாட்சுக்கு நீ வந்தனிதானே?"

"வந்தனான்."

"நான் அண்டைக்கு என்ன செய்தனான்?"

"கைதட்டினியள்."

அவர் தலையை ஆட்டினார். "எங்கட ஆக்கள் விளையாடேக்க நான் எப்பவும் ஒரு பிடி கூடத்தான் இறுக்கிறனான். விட்டால், தமிழன் தமிழனுக்கு ஊதிட்டான் எண்டு கதை வரும். அந்தப் பயத்தில இவ்வளவு காலம் ஊதியிருக்கிறன்." பிறகு சொன்னதை நான் மறக்கமாட்டேன். "அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. டாவோஸ் குசினியிலயும் கேட்டது, மைதானத்தில எனக்கே போட்டிருக்கிறாங்கள். கேளாத மாதிரி இருந்து பழகிட்டன். என்ர பழக்கத்துக்கு அந்தப் பெடியன் ஏன் தடை வாங்கவேணும்?" அவருடைய கண் கலங்கியது. எனக்குக் கோபம் போகவில்லை, ஆனால் கத்தியை வைத்துவிட்டு ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

விசாரணைக்கு நிரோஷனோடு நான் போனேன். மூன்று பேர் கொண்ட குழு. அண்ணையைச் சாட்சியாக அழைத்திருந்தார்கள். அவர் வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி, கோயிலுக்கு வருகிற மாதிரி வந்திருந்தார். எழுந்து தன்னுடைய உடைசல் ஜெர்மனில் சொன்னார். "இவர் முழங்காலிட்டது குற்றமென்றால், பதாகை பிடித்த பதினொரு பேரும் குற்றவாளிகள். அவர்களுக்கு அட்டை காட்டாமல் கைதட்டிய நான் முதல் குற்றவாளி. என்மேல் நானே முறைப்பாடு கொடுக்கிறேன். இரண்டையும் ஒன்றாக விசாரியுங்கள்." குழுத் தலைவராக இருந்த அம்மா, கார் தரிப்பிட விசயம் வேறு, அது ஊர் விசயம் என்றார். "இவனும் இந்த ஊர்தான், அம்மா" என்றார் அண்ணை. அதோடு சத்தத்தைத் தான் கேட்டதாகவும், விளையாட்டை நிறுத்தாதது தன் பிழை என்றும் சொன்னார். நடுவர் உரிமத்தைப் பறித்தால் அந்த மனுசனுக்குச் சனி ஞாயிறே இல்லை. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

பிறகு கதவைத் திறந்துகொண்டு உர்ஸ் வந்தார். அண்ணை அவர் வீட்டுக்குப் போய், சாட்சி சொல்ல வரும்படி கேட்டிருக்கிறார். உர்ஸ் அதிகம் பேசுகிறவர் அல்ல. "நாங்கள் நின்றபோது அது அரசியலா என்று எவரும் கேட்கவில்லை. எங்கள் கோலுக்குப் பின்னால் வந்த சத்தம் எனக்கும் கேட்டது. அவர்கள் யாரென்றும் எனக்குத் தெரியும்" என்றார்.

முழு வெற்றி என்று சொல்லமாட்டேன். மைதானத்தில் காட்டிய அட்டையை மேசையில் அழிக்க முடியாது என்றார்கள். ஆகவே நிரோஷன் அந்த ஏறுகிற மாட்சை வெளியிலிருந்துதான் பார்த்தான். நாங்கள் ஏறவில்லை. மேலதிகத் தடை விழவில்லை. சத்தம் போட்டவர்களை உர்ஸின் கழகமே மைதானத்துக்குள் வரவிடவில்லை. அண்ணைக்குக் கண்டனமும், சில கிழமை ஓய்வும். "கட்டாய லீவு" என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த லீவில்தான் அந்த ஏறுகிற மாட்சுக்கு வந்து, வேலியோரம் நிரோஷனுக்குப் பக்கத்தில் நின்றார். அடுத்த பருவம் நாங்கள் ஏறினோம்.

திரும்பி வந்த அண்ணை வேறு மாதிரியான நடுவர். தொடங்குமுன் இரண்டு தலைவர்களையும் கூப்பிடுவார். "சிலுவை போடுங்கோ, கும்பிடுங்கோ, மண்ணைத் தொட்டு நெத்தியில வையுங்கோ, முழங்காலிலும் நில்லுங்கோ. முடிச்சிட்டு விளையாடுங்கோ. வேலிக்கு வெளியிலயிருந்து ஆளைப் பழிக்கிற சத்தம் வந்தால் நான் நிப்பாட்டுவன். எந்தப் பக்கம் எண்டு பாக்கமாட்டன்."

எந்தப் பக்கம் என்று பார்க்கமாட்டேன் என்றது எங்களுக்கும் சேர்த்து என்று நாங்கள் நினைக்கவில்லை. ஒரு மாட்சில் எதிரணியில் எரித்திரியப் பையன் ஒருவன் எங்கள் ஆட்களைச் சுற்றிச் சுற்றி வெட்டி ஓடினான். எங்கள் பக்க வேலியிலிருந்து ஒருவர் தமிழில் ஒரு சொல் எறிந்தார். ஆபிரிக்கரை நம்மவர்கள் சொல்லும் சொல். இங்கே எழுதமாட்டேன், உங்களுக்குத் தெரியும், வீட்டுக்குள் சிரித்துக்கொண்டே சொல்கிறோம். மைதானத்தில் சுவிஸ்காரர் எவருக்கும் விளங்கவில்லை. அந்தப் பையனுக்கும் விளங்கவில்லை. விளங்கிய நடுவர் ஒருவர் இருந்தார். விசில் ஊதினார். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் வேலிக்கு வந்தார். "எனக்குத் தமிழ் தெரியும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பிறகு அந்தப் பையனிடம் போய் என்ன சொன்னார்கள் என்று ஜெர்மனில் சொல்லி, தொடர விருப்பமா என்று கேட்டார். அவன் ஓமென்று தலையாட்டிய பிறகுதான் விளையாட்டு நடந்தது. எங்கள் ஆட்கள் அன்றைக்கு அவரைத் துரோகி என்றார்கள். நான் இந்த முறை வாயைத் திறக்கவில்லை.

தகனத்துக்கு உர்ஸின் அணி முழுதும் வந்தது. உர்ஸ் சிலுவை போட்டார், நிரோஷன் கும்பிட்டான், எரித்திரியப் பையன் தன் முறையில் ஏதோ சொன்னான். மலர் அக்கா எல்லோர் கையையும் பிடித்து, "அவருக்குச் சந்தோசமாயிருக்கும், அட்டை ஒருத்தருக்கும் இல்லை" என்றா. அழுதுகொண்டே சிரித்தோம்.

அவரிடமிருந்து நான் எதை வைத்துக்கொண்டேன் என்று கேட்டால், போன ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல வேண்டும். எங்கள் மாட்ச். புது நடுவர், இளம் சுவிஸ்காரர். எதிரணியின் ஆபிரிக்கப் பையன் ஒருவனைப் பார்த்து எங்கள் பக்க வேலியிலிருந்து அதே சொல் வந்தது. மைதானத்தில் இப்போது தமிழ் தெரிந்த நடுவர் இல்லை. நாங்கள் ஒரு கோலால் முன்னுக்கு நின்றோம். நான் பயிற்சியாளர், வாயைப் பொத்திக்கொண்டு இருந்தால் எவருக்கும் தெரியவராது. கோட்டுக்குள் காலை வைத்து நடுவரைக் கூப்பிட்டேன். என்ன சொன்னார்கள் என்று மொழிபெயர்த்தேன். "உங்களுடைய ஆட்களா?" என்று நம்பாமல் கேட்டார். "என்னுடைய ஆட்கள்தான், நிறுத்துங்கள்" என்றேன்.

சத்தம் போட்டது என் மனைவியின் தம்பி. இன்னும் என்னோடு கதைக்கவில்லை. ஆனால் நேற்றுப் பின்னேரம் பயிற்சிக்கு வந்து, ஒரு மூலையில் நின்று பந்துகளுக்குக் காற்றடித்துக் கொடுத்துவிட்டுப் போனான்.