உடைப்பு மேடமும் மாப்பிள்ளையின் திரையும்

என் மனைவிக்குச் சம்பளம் கொடுப்பதே உடைப்பதற்குத்தான். ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் சோதனைக்கூடத்தில் பொறியாளர். பக்கத்து அறைகளில் தலையைப் பிய்த்துக்கொண்டு யாராவது ஒரு புதுப் பொருளைச் செய்து கொண்டுவருவார்கள். இவள் அதை இழுத்து, வளைத்து, சுட்டு, உறையவைத்து, எப்போது உயிரை விடுகிறது என்று எழுதிக் கொடுப்பாள். அங்கே அவளுக்கு ‘உடைப்பு மேடம்’ என்று பெயர். வீட்டில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அந்த அளவுக்கு எங்களுக்குத் துணிச்சல் கிடையாது.

நான் செல்போன் பழுதுபார்ப்பவன். உடைந்த திரைகளால்தான் எங்கள் அடுப்பு பாதி எரிகிறது. அவள் உடைப்பாள், நான் ஒட்டுவேன். இதைவிடப் பொருத்தமான ஜோடி எங்கே கிடைக்கும்?

இந்த அழகில் வந்து வாய்த்தார் மாப்பிள்ளை. அதே நிலையத்தில் விஞ்ஞானி. அவர் செய்துகொண்டிருந்தது, கீறினால் தானே ஆறிவிடும் செல்போன் திரை. கண்ணாடி மாதிரித் தெளிவான மெல்லிய படலம், மடிக்கவும் செய்யலாம். கீறல் விழுந்தால், அறுந்துபோன மூலக்கூறுகள் மறுபடி கைகோத்துக்கொள்ளும். சற்று நேரத்தில் தழும்புகூட இருக்காது. “மாமா, இனிமே யாரும் திரை மாத்தவே வேண்டியதில்ல” என்று என் கடையிலேயே வந்து நின்று பெருமையாகச் சொன்ன மனிதர். மாமனார் வயிற்றில் அடிக்கிறோமே என்ற நினைப்பே இல்லை. ரொம்ப நல்லவர், அதுதான் தொல்லை.

அவருடையது ஒப்பந்த வேலை. படலம் சோதனையில் தேறினால் நிரந்தரமாக்குவார்கள். தேறாவிட்டால், வெளிநாட்டு ஆய்வகம் ஒன்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது, அங்கே போய்விடுவார். அவர் போனால் அடுத்த தெருவில் இருக்கும் எங்கள் மகளும் போவாள். தினமும் சாயங்காலம் வந்து என் குட்டி ஸ்க்ரூக்களையெல்லாம் கலைத்துப் போட்டுவிட்டு, பாட்டி மடியில்தான் தூங்குவேன் என்று அடம்பிடிக்கும் பேத்தியும் போவாள்.

“அவர் என் மாப்பிள்ளை சார். வேற யார்கிட்டயாவது கொடுங்க” என்று இவள் இயக்குநரிடம் சொல்லிப் பார்த்தாள். “இந்த மெஷின ஓட்டத் தெரிஞ்சது நீங்க ஒருத்தர்தானே மேடம்” என்று அவர் கையை விரித்துவிட்டார்.

மடித்தாள், படலம் தாங்கியது. கீறினாள், ஆறியது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வாயெல்லாம் பல். பாக்கி ஒன்றுதான்: ஈரமும் சூடுமான பெட்டிக்குள் வைத்து எடுத்து, மறுபடி கீறிப் பார்ப்பது. அந்தப் பெட்டி பழுதாகிக் கிடந்தது. “அத அப்புறம் பாத்துக்கலாம் மேடம், இப்ப இருக்கிறத வச்சு எழுதிக் கொடுத்துடுங்க” என்றார் இயக்குநர்.

“அவரே வேண்டாங்கறாரு. உனக்கென்ன வந்தது?” என்றேன் நான்.

“ஜனங்க போனை எங்கங்க வச்சுக்கறாங்க?”

“சட்டைப் பையில.”

“வேர்க்காதா?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “குழந்தை போயிடுவா, தெரியுமில்ல?” என்று கத்தியேவிட்டேன். மறுநாளே அவள் மெக்கானிக்கை வரவழைத்து, பக்கத்திலேயே நின்று பெட்டியைச் சரிசெய்ய வைத்தாள்.

படலம் தோற்றது. மூலக்கூறுகள் கைகோக்க வேண்டிய இடத்தை ஈரம் புகுந்து பிடித்துக்கொண்டது. கீறல் ஆறவில்லை, மடித்த இடத்தில் கிழிந்தது. உள்ளதை உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள்.

மகள் வந்து நின்றாள். “ஏம்மா, உனக்குக் கை கூசவே இல்லையா?”

“கூசுச்சு. அதனாலதான் புதுத் துண்டு வச்சு இன்னொரு தடவையும் போட்டேன். அதுவும் கிழிஞ்சது.”

மாப்பிள்ளை வாசலோடு நின்றுவிட்டார். வெளிநாட்டுக்குக் கிளம்பும்வரை அத்தையிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசவில்லை. விமான நிலையத்தில் நான்தான் தேம்பித் தேம்பி அழுதேன், என் மனைவிக்கும் சேர்த்து. அவள்மேல் எனக்கிருந்த ஆத்திரம் அடங்கப் பல நாள் ஆனது.

அதற்குப் பிறகு வீடியோ அழைப்பில் மகள் வருவாள், பேத்தி வருவாள். மாப்பிள்ளையின் தலை மட்டும் தெரியாது. போன வாரம் திடீரென்று அவரே கூப்பிட்டார்.

“மாமா, அத்தை இருக்காங்களா?”

போனை நீட்டினேன்.

“அத்தை, படலத்த மாத்திச் செஞ்சிருக்கேன். இங்க ஈரத்துலயும் வச்சுப் பாத்துட்டாங்க. தேறிடுச்சுன்னு எல்லாரும் கைகொடுக்கறாங்க.”

“ரொம்ப சந்தோஷம் மாப்பிள்ளை.”

“எனக்குத்தான் நம்பிக்கை வரல. இங்க எல்லாரும் ரொம்பத் தன்மையா சோதிக்கறாங்க அத்தை. உங்களுக்கு அனுப்பட்டுமா? நீங்க உடைச்சுப் பாத்து, உடையலன்னு சொன்னாதான் எனக்குத் தூக்கம் வரும்.”

அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அதைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் போனைப் பார்த்துச் சொன்னாள்:

“ஒரு துண்டு போதாது மாப்பிள்ளை, நிறைய அனுப்புங்க. நான் சும்மா விடமாட்டேன்.”