முனியாண்டி காலடிப் புல்

தை பிறந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. அந்த வருசம் பனி ஈவிரக்கமில்லாமல் விழுந்தது. விடியும்போது தேயிலைச் செடி, மழைத்தண்ணீர் ஓடுகிற கான் ஓரம், லயத்துக் கூரைத் தகரம் எல்லாம் உப்பைக் கொட்டினதுபோல வெள்ளையாகக் கிடக்கும். வெயில் ஏறி அது கரைந்த பிறகு பார்த்தால், கீழே இருந்த பச்சையெல்லாம் வெந்நீர் ஊற்றினமாதிரி கருகியிருக்கும். மனிதனுக்குக் கம்பளி உண்டு, அடுப்பு உண்டு. புல்லைத் தின்று உயிர் வாழ்கிற சீவன் எங்கே போகும்?

அழகனுக்கு இதுதான் கவலை. அவனிடம் ஒரு பெண் குதிரை இருந்தது. நானுஓயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான மேல்லயத்தின் கடைசிக் காம்பறாவில் அவனும் மனைவி ஜீவராணியும் குடியிருந்தார்கள். ஜீவராணி கொழுந்தெடுக்கப் போவாள். அழகன் குதிரையை நடத்திக்கொண்டு நுவரெலியா வாவிக்கரைக்குப் போவான். வெளியூர்ச் சனங்களின் பிள்ளைகளை அதன்மேல் உட்காரவைத்துக் கரையோரமாக ஒரு சுற்றுச் சுற்றி வருவது அவன் பிழைப்பு. ஒன்பது வருசமாக இதேதான்.

குதிரைக்கு மெனிக்கே என்று பெயர். முன்பு வைத்திருந்த சிங்கள ஐயா மலைநாட்டுக்கு ஓடுகிற ரயிலின் பெயரை அதற்கு வைத்துவிட்டார். அதனால் கரையில் நிற்கிறவர்கள் தினமும் ஒரு கேலி செய்வார்கள். "என்ன அழகன், இன்னிக்கும் மெனிக்கே லேட்டா? தண்டவாளத்துல மண்ணு சரிஞ்சிருச்சா?" என்பார்கள். அழகன் சிரித்துக்கொண்டே போய்விடுவான்.

அவன் பேராசைக்காரன் இல்லை. காலையில் குனிந்து குளம்பில் ஒட்டின சேற்றை வழிக்கும்போது, பின்கழுத்தில் மெனிக்கே மூச்சு விடும். அந்தக் குளிரில் அந்தச் சூடு ஒன்று போதும், அன்றைய நாள் நல்ல நாள். ஒரு தடவை ஒரு சின்னப் பெண்பிள்ளை அதன் முதுகிலேயே தூங்கிப்போனது. யாரும் சொல்லாமலேயே மெனிக்கே நடையைக் குறைத்துக்கொண்டது. அன்று இரவுச் சாப்பாட்டின்போது அதை அவன் ஜீவராணியிடம் மூன்று தரம் சொன்னான். மூன்றாம் தரமும் அவள் புதிதாகக் கேட்கிறமாதிரிதான் கேட்டாள்.

பனி விழுந்த மூன்றாம் நாள் லயத்தைச் சுற்றி ஒரு பிடி பச்சைப் புல் இல்லை. காய்ந்ததைப் போட்டால் மெனிக்கே முகர்ந்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தது. ஏழாம் நம்பர் மலையில் மட்டும் ஓரிடத்தில் புல் முழங்கால் உயரம் நின்றது. அது முனியாண்டி சாமி இருக்கிற இடம்.

குடை விரித்தமாதிரி ஒரு பெரிய மரம், அதன் அடியில் ஒரு கல், கல்லுக்குப் பக்கத்தில் துருவேறின சூலம். அவ்வளவுதான் கோயில். ஆனால் அந்தத் தோட்டத்தில் எந்த மனிதனும் அந்த மரத்தின் நிழலுக்குள் கத்தி வைக்கமாட்டான். புல்லைச் சாகடிக்க மருந்தடிக்கிறவர்கள்கூட அங்கே வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள். தாத்தன் காலத்திலிருந்து அப்படித்தான். மரம் பனியையும் மறைத்துவிடும், அதனால் மலை முழுக்கக் கருகினாலும் சாமியைச் சுற்றி ஒரு பச்சை வட்டம் இருக்கும்.

புதன்கிழமை பின்னேரம் அழகன் அங்கே போனான். கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, கல்லுக்கு முன்னால் வெகுநேரம் நின்றான்.

"எனக்கில்ல சாமி. வாயில்லாச் சீவனுக்கு. ஒரு சாக்குதான். கோவிச்சுக்காத."

பிறகு அரிவாளை எடுத்தான். புல் ஈரமாக இருந்தது. லேசாக ஒரு எண்ணெய் வாடை அடித்தது. யாரோ விளக்குக்கு மண்ணெண்ணெய் ஊற்றும்போது சிந்தியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டான். ஊரிலேயே சுத்தமான புல் இதுதான் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

மெனிக்கே ஆசையாகத் தின்றது. ஜீவராணி கூடையோடு வந்து சாக்கைப் பார்த்தாள். முகம் மாறிப்போனது.

"எங்க அறுத்தீங்க இத?"

"கேட்டுட்டுத்தான் புள்ள அறுத்தேன்."

"கேட்டீங்க சரி. சாமி என்ன சொல்லிச்சு?"

மரத்தில் பல்லிகூடச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது.

வியாழக்கிழமை காலை குளம்பைத் துடைக்கக் குனிந்தான். பின்கழுத்தில் சூடு விழவில்லை. நிமிர்ந்து பார்த்தான். மெனிக்கே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. குளிராக்கும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு வாவிக்குக் கூட்டிப்போனான். ஒரு மணித்தியால வழிக்கு அன்று இரண்டு மணித்தியாலம் ஆனது. போகிற வழியில் ஒரு சின்ன மேட்டில் கால் இடறியது. ஒன்பது வருசத்தில் அது அந்த மேட்டில் இடறினதில்லை.

கரையில் நூர்தீன் நானா நின்றார். அவருக்கும் இரண்டு குதிரைகள் உண்டு. அவர்தான் முதலில் கண்டார்.

"அழகன், இது ஏன் வகுத்தத் திரும்பித் திரும்பிப் பாக்குது?"

"பனி நானா. வேற ஒண்ணுமில்ல."

"பனி மூக்குலதான் புடிக்கும், வகுத்துல புடிக்காது. லத்தி போட்டுச்சா?"

போடவில்லை. முந்தின நாள் இருட்டினதிலிருந்து போடவேயில்லை. நூர்தீன் நானா அதன் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். நிமிர்ந்தபோது அவர் வாயில் கேலி இல்லை.

"குதிர வகுறு எப்பவும் வண்டி ஓடுற மாதிரி சத்தம் போடும். இது மௌத்தான ஊடு மாதிரி சத்தமில்லாம ஈக்குது. மிருக டாக்டருக்கு நான் போன் போடுறேன். நீ என்னத்தப் போட்ட இதுக்கு?"

முனியாண்டி அடித்துவிட்டார் என்றே அழகன் நம்பினான். கயிற்றை நானா கையில் கொடுத்து, "இதப் படுக்க விட்றாதீங்க நானா, நா போய்ச் சாமிகிட்ட விழுந்துட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினான்.

ஏழாம் நம்பர் மலைக்கு ஏறும்போது மத்தியானம் ஆகிவிட்டது. சாமி மரம் தெரிந்ததும் அவன் கால் நின்றுபோனது. நேற்றுவரை பச்சையாக நின்ற வட்டம் முழுவதும் வைக்கோல் நிறத்தில் சாய்ந்து கிடந்தது.

பனிதான் கருக்கிவிட்டது என்று முதலில் நினைத்தான். பிறகு அண்ணாந்து பார்த்தான். மரம் கூரைமாதிரி அடர்ந்து நின்றது. அந்த மரத்தடியில் பனி விழாது. அவன் பிறந்து வளர்ந்த ஐம்பது வருசத்தில் ஒரு தரம்கூட விழுந்ததில்லை. மண்ணைப் பார்த்தான். சூலத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சப்பாத்து அடி ஆழமாகப் பதிந்திருந்தது. சாமிக் கல்லின்மேல் சொட்டுச் சொட்டாக வெள்ளைக் கறை காய்ந்திருந்தது. நேற்றுப் பின்னேரத்து மங்கலில் இரண்டும் அவன் கண்ணில் படவில்லை.

கீழ்க் கானில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாக்கண்ணு அக்கா அவனைப் பார்த்துவிட்டு மேலே வந்தாள்.

"பாத்தியா தம்பி அநியாயத்த? செவ்வாக்கெழம லொறியில வந்தானுங்க. நம்ம ஆளுங்க இல்ல. மருந்தடிக்கக் கொந்தரப்புல, கூலி பேசி, வெளி ஆள எறக்கியிருக்காங்களாம். சப்பாத்தோட சாமி பக்கத்துல நின்னு அடிச்சானுங்க. நா கத்துனேன். காதுல பாட்ட மாட்டிக்கிட்டு நிக்கிறவனுக்கு எங்க கேக்கும்?"

"செவ்வாக்கெழமயா? அக்கா, நீங்க லயத்துல ஒருத்தருக்கும் சொல்லலயா?"

"எதுக்குச் சொல்லணும்? சாமி புல்ல எவன் அறுக்கப் போறான்னு இருந்துட்டேன்."

அழகன் அப்படியே உட்கார்ந்தான். கொண்டுவந்த தேங்காய் மடியில் இருந்தது. அதை உடைக்கத் தோன்றவில்லை. காலையில் மெனிக்கே சுவரைப் பார்த்து நின்றதே, அப்போதே டாக்டரிடம் போயிருக்கலாம். குளிர் என்றும் சாமி கோபம் என்றும் நினைத்து அரைநாளைத் தொலைத்துவிட்டான். கோபிக்கிற நிலையிலா சாமி இருக்கிறார்? அவர்மேலும்தானே அடித்திருக்கிறார்கள். போத்தலில் குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரை ஊற்றி, கையாலேயே கல்லைத் தேய்த்துக் கழுவினான். கறை முழுசாகப் போகவில்லை. "இந்தப் புல்ல மாட்டுக்காரங்க தொடாமப் பாத்துக்கங்க அக்கா. ராணிகிட்டயும் சொல்லிருங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே ஓடினான்.

வாவிக்கரைக்குச் சிங்களவரான மிருக டாக்டர் மாத்தியா வந்திருந்தார். புல்லில் மருந்து அடித்திருந்தது என்று அழகன் சொன்னதும் அவர் கை ஒரு நொடி நின்றது. என்ன மருந்து என்று கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை. மெனிக்கேயின் மூக்கு வழியாகக் குழாயை விட்டு ஏதோ கரைத்து ஊற்றினார். ஓர் ஊசி போட்டார்.

"நடக்கவிடுங்க. படுத்தா உருளும், உருண்டா குடல் முறுக்கிப்போகும். அந்தி வரைக்கும் பாப்போம்," என்று தெரிந்த தமிழில் சொன்னார். அழகன் அவர் கண்ணைப் பார்த்தான். அவர் பையை மூடுகிறமாதிரிக் குனிந்துகொண்டார்.

அழகன் நடத்தினான். குழந்தைகளைச் சுற்றிக்காட்டுகிற அதே பாதை. ஒரு சுற்று, இரண்டு சுற்று, பிறகு எண்ணவில்லை. மெனிக்கேயின் காது தொங்கியிருந்தது. வயிற்றோரம் வேர்வை நுரைத்தது. இரண்டு தரம் முன்னங்கால் மடியப் போனது. இரண்டு தரமும் அவன் தோளைக் கொடுத்து நிமிர்த்தினான். வெளியூர்க்காரர் ஒருவர் பிள்ளையைக் காட்டிச் சவாரி கேட்டார். நூர்தீன் நானா அவரைத் தனியாகக் கூட்டிப்போய்த் தன் குதிரையில் ஏற்றினார்.

வாவித் தண்ணீர் கறுக்கத் தொடங்கினபோது ஜீவராணி வந்தாள். கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்த கையோடு, இடுப்பில் சுற்றிக் கட்டின படங்கைக்கூட அவிழ்க்காமல் பஸ் ஏறியிருந்தாள். "அப்பவே சொன்னேனே" என்று அவள் சொல்லவில்லை. கயிற்றின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். இருவருமாக நடந்தார்கள்.

படகுத்துறைப் பக்கம் திரும்பும்போது மெனிக்கே நின்றது. வாலை மெல்லத் தூக்கியது. ஐந்தாறு உருண்டை லத்தி தொப்புத் தொப்பென்று விழுந்து குளிரில் ஆவி பறந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் நூர்தீன் நானா. "இவ்ளோ அழகான சாமானை இந்தக் கரையில நான் கண்டதில்ல."

அழகனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பாதையில் விழுந்த சாணத்தைப் பார்த்து ஒரு மனிதன் கும்பிடுகிறானே என்று படகுக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஜீவராணி குனிந்து ஓர் உருண்டையைக் கையில் எடுத்துப் பிட்டாள். முகர்ந்தாள். பிறகு அவனிடம் நீட்டினாள். அந்த எண்ணெய் வாடை அப்படியே இருந்தது.

நானா போனில் டாக்டரைக் கூப்பிட்டார். குடல் திறந்தது நல்லது, ஆனால் ரத்தத்தில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று இப்போது சொல்லமுடியாது, பத்து நாள் போகட்டும் என்றார் அவர்.

பத்து நாள். இன்றைக்கு முதல் நாள் முடிகிறது.

நானா கொடுத்த சாக்கை அதன் முதுகில் போர்த்தி, வீட்டுக்குப் புறப்பட்டார்கள். மேலே மலைகளுக்கு அப்பால் வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. அப்படி இருந்தால் விடியலில் பனி கொட்டும். ஒவ்வொரு வளைவிலும் மெனிக்கே நின்றது. இழுக்க இருவருக்கும் மனம் வரவில்லை. அது நின்ற இடத்திலெல்லாம் அவர்களும் நின்றார்கள். அது மறுபடி ஒரு காலை எடுத்து வைக்கும். அப்போது அழகன், "ம், வாடி தாயி" என்பான். அடுத்த வளைவுவரைக்கும் அவனுக்கு அது போதுமாக இருந்தது.