பச்சைத் துண்டும் பச்சைக் கட்சியும்

எங்கள் தொழிற்சாலை கேன்டீனில் காலைச் செய்தி ஓடிக்கொண்டிருக்கும். கறுப்பும் பச்சையும் கூட்டணி பேசுகின்றனவாம், சிவப்புக்கு இடமில்லையாம். இங்கே ஜெர்மனியில் கட்சியின் பெயரைச் சொல்ல மாட்டார்கள், நிறத்தைத்தான் சொல்வார்கள். வந்த புதிதில் ஏதோ பெயின்ட் கம்பெனித் தகராறு என்று நினைத்துக்கொண்டு நான் ரொட்டியைத் தின்றேன்.

சின்னமனூர்க்காரனுக்கு நிறம் ஒன்றும் புதிதில்லை. எங்கள் டீக்கடையில் எதிரே இருப்பவனின் வேட்டிக் கரையைப் பார்த்துவிட்டுத்தான் அரசியல் பேச்சையே எடுப்போம். ஆனால் ஊரில் படித்த நிறம் இங்கே உதவாது. ஊரில் கறுப்புச் சட்டை போட்டவர் கடவுள் இல்லை என்பார். கார்த்திகையில் கறுப்பைக் கண்டால் மட்டும் அது சபரிமலைக்கு மாலை போட்டவர். இங்கே கறுப்பு சர்ச்சுக்காரர்களின் கட்சி. ஊரில் நீலக்கொடி ஒடுக்கப்பட்டவர்களின் கொடி. இங்கே ஒரு நீலச் சுவரொட்டியைப் பார்த்து, நம் ஆட்கள் போலிருக்கிறதே என்று கிட்டப் போய் எழுத்துக்கூட்டிப் படித்தேன். என்னைப் போன்றவர்களைத் திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தது.

பச்சையில்தான் வசமாக மாட்டினேன். எங்கள் பக்கம் பச்சைத் துண்டு போட்டவர் விவசாயி. அதில் சந்தேகமே கிடையாது. அதனால் ஒரு சனிக்கிழமை சந்தையில் பச்சைக் குடையும் பச்சை மேசையுமாக நின்றவர்களைப் பார்த்ததும் விவசாயச் சங்கம் என்றே முடிவு செய்தேன். மேசைக்குப் பின்னால் கரின் நின்றிருந்தார், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டீச்சர். "என் அண்ணனும் பச்சைதான்" என்றேன். "இந்தியாவிலுமா!" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஆளுக்கொரு தப்பான அர்த்தம் எடுத்துக்கொண்டோம். அடுத்த மாதமே நான் உறுப்பினர்.

போன லீவில் ஊருக்குப் போனபோது கட்சி மப்ளர் ஒன்றை அண்ணனுக்குக் கொண்டுபோனேன். அண்ணனுக்கு மலைமாடுதான் பிழைப்பு. மேகமலை அடிவாரத்திலிருந்து ஓட்டிப்போய்க் காட்டில் மேய்த்து, இரவில் அங்கேயே மாடுகளை ஒன்றாக மடக்கிக் கிடை போடுவார். சாணத்தை வாழைக்காரர்களும் திராட்சைக்காரர்களும் வந்து அள்ளுவார்கள். இப்போது காட்டுக்குள் மாடு போகக்கூடாது என்று தடை. மலைமாடு வீட்டில் கட்டிப்போட்டால் நிற்காது, பாலும் சொல்லிக்கொள்கிற அளவுக்குக் கறக்காது. மேய்ச்சல் நின்றால் வாங்க வருகிறவன் அடிமாட்டு வியாபாரி ஒருவன்தான்.

நான் ஊரில் இருந்தபோதே வனத்துறை ஆபீஸ் முன்னால் ஆர்ப்பாட்டம் நடந்தது. கொளுத்துகிற வெயிலில், பச்சைத் துண்டுக்கு மேலே அந்தக் கம்பளி மப்ளரையும் சுற்றிக்கொண்டு அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா, உங்கண்ணனுக்குக் காய்ச்சலா?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"ஏய், இது ஜெர்மன் பச்சைய்யா! நம்ம கட்சி அங்கனயும் இருக்கு" என்றார் அண்ணன். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏலே, உங்க ஆளுககிட்டச் சொல்லுடா. வெள்ளக்காரன் ஒரு வார்த்த சொன்னா இங்கன ஆபீசருமாரு எந்திரிச்சு நிப்பாக."

சொல்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்ல?

திரும்பி வந்து கூட்டத்தில் பேசினேன். என் உடைந்த ஜெர்மனில் மாடு, காடு, கிடை எல்லாம் சொன்னேன். கரின் நெற்றியைச் சுருக்கிக் கேட்டார். "இரவிலும் மாடுகள் காட்டுக்குள்ளேயா? புலி இருக்கிற காட்டிலா?"

"ஆமாம். எப்போதாவது ஒன்றை அடிக்கும். எங்களுக்குப் பழக்கம்தான்."

"புலிக்கு ஆபத்தில்லையா?" என்று கேட்டார்.

அந்த இடத்தில் எனக்கு எல்லாம் விளங்கியது. இவர்கள் பச்சையில் காடு இருக்கிறது, புலி இருக்கிறது, என் அண்ணன் இல்லை. காட்டைக் காப்பாற்ற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மலையை மொட்டையடித்து எஸ்டேட் போட்டபோது வராத கவலை, என் அண்ணன் மாட்டின் குளம்பைப் பார்த்ததும் எங்கிருந்து வருகிறது? இதைக் கேட்க எனக்கு ஜெர்மன் போதவில்லை. போதுமானதாக இருந்திருந்தாலும் கேட்டிருப்பேனா, தெரியாது. குளிர்காலத்தில் வீட்டுக்காரர் என்னைக் காலி பண்ணச் சொன்னபோது அவர் வாசலில் நின்று சண்டை போட்டவர் கரின். நீலக் கட்சி எங்கள் தெருவில் ஊர்வலம் போன அன்று என் பக்கத்தில் நின்றவரும் அவர்தான். இந்தக் குடையை விட்டால் எனக்கு இந்த ஊரில் நிற்க வேறு நிழல் இல்லை. அதனால் சனிக்கிழமைதோறும் போய் நோட்டீஸ் கொடுக்கிறேன்.

போன வாரம் கொடுத்துக்கொண்டிருக்கும்போது அண்ணன் வீடியோவில் கூப்பிட்டார். பின்னால் ஒரு லாரி நின்றது.

"வியாபாரி வந்துட்டான்டா. உங்க ஆளுக எதுவும் சொன்னாகளா? ஒரு வார்த்த இருக்குன்னு சொல்லு, லாரியத் திருப்பி அனுப்பிர்றேன்."

"இல்லண்ணே. காட்டுக்குள்ள மாடு போகக்கூடாதுன்னுதான் இவுகளும் சொல்றாக."

"பச்சைதானடா அவுக?"

"பச்சைதாண்ணே."

அவர் போனை மாடுகள் பக்கம் திருப்பினார். சாய்த்து வைத்த பலகையில் ஏற மாட்டேன் என்று ஒரு செவலைப் பசு காலை ஊன்றி நின்றது. இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள். கரின் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"உங்கள் அண்ணனின் மாடுகளா? எவ்வளவு அழகு! எங்கே போகின்றன?"

"காட்டைவிட்டு வெளியே" என்றேன்.

"நல்லது" என்று சந்தோஷமாக என் முதுகைத் தட்டிவிட்டு, போனைப் பார்த்துக் கையசைத்தார்.

"அந்தம்மா என்னடா சொல்றாக?" என்று கேட்டார் அண்ணன்.

ஒரு கையில் அண்ணன், இன்னொரு கையில் நோட்டீஸ் கட்டு. எதிரே ஒரு பெரியவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். நான் அவருக்கு ஒரு நோட்டீஸைக் கொடுத்தேன்.