நாற்பது பூட்டுகள்

எங்கள் தெருமுனைப் பூட்டுக்காரருக்கு ‘அவசியமா’ என்று பட்டப்பெயர். புதுப் பூட்டு கேட்டு யார் வந்தாலும், “அவசியமா? பழசைக் குடுங்க, எண்ணெய் விட்டுப் பார்ப்போம்” என்பார். வியாபார சாமர்த்தியம் துளியும் கிடையாது. ஆனால் அந்த ஒரு கேள்வியைத் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் நகராட்சியை நான் இதுவரை பார்த்ததில்லை.

இந்த ஆண்டு புதிதாக ஒரு வரி வந்தது. தெருவோரம் மேசை போட்டுப் பிழைப்பவர்கள் மாதாமாதம் கட்ட வேண்டுமாம். பூட்டுக்காரரின் அக்கா அப்படியொரு மேசையில்தான் துணி தேய்க்கிறார்.

“வரி கட்டினா கரிக்குக் காசில்லடா. மேசையை மடக்கிட்டு உன் வீட்டுக்குத்தான் வரப்போறேன்.”

“வேணாம்க்கா. நீயும் என் பொண்டாட்டியும் சேர்ந்து என்னையே தேய்ச்சுடுவீங்க.”

சிரித்தாரே தவிர, மறுநாளே நகராட்சி அலுவலகத்துக்குப் போய் பட்ஜெட் நகலை வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து வரி விடாமல் படித்தார். நுழைவாயில் வளைவு, வழவழ காகிதத்தில் சாதனை மலர், பழைய கட்டடத்தின் அறைகளுக்கு நாற்பது புதுப் பூட்டுகள். அந்தப் பூட்டு வேலை அவருக்குத்தான் என்று ஏற்கெனவே பேச்சாகியிருந்தது.

மக்கள் கருத்துக் கூட்டத்தில் எழுந்து, மேசை வரி வேண்டாம் என்றார்.

“வரி இல்லாம தெரு விளக்கு எரியுமாய்யா?” என்றார் நகராட்சித் தலைவர்.

“விளக்குக்குக் கட்டுறேன் தலைவரே, சாக்கடைக்கும் கட்டுறேன். அந்த அறைகள்ல உடைஞ்ச நாற்காலிதான் கெடக்கு. அதைப் பூட்டி வைக்க எங்கக்கா ஏன் கட்டணும்?”

“யோவ், அந்த ஆர்டரே உமக்குத்தானேய்யா!”

“அதான் அதை முதல்ல வெட்டுங்கன்னு சொல்றேன்.”

கூடமே சிரித்தது. தன் வருமானத்தையே வெட்டச் சொல்பவனிடம் யார் வாதாடுவது? பிறகு வளைவு போயிற்று, மலர் போயிற்று. மேசை வரியால் வரவிருந்த தொகையைவிட வெட்டியது அதிகம். வரியைக் கைவிட்டார்கள். செலவைத் தீர்மானித்துவிட்டு ஏழையின் மடியில் கை வைப்பது ஆட்சியல்ல. அடுத்தவர் உழைப்பில் தாராளம் காட்டுவது. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

மறுநாள் காலை அக்கா வழக்கம்போல் மேசையை விரித்தார். ஆர்டர் போன கதை அப்போதுதான் அவர் காதுக்கு எட்டியது.

“நாப்பது பூட்டாடா? மடையா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”

“கேட்டிருந்தா விட்டிருப்பியா?”

அக்கா இஸ்திரிப் பெட்டியில் கரியை அள்ளிப் போட்டு, கண் கலங்க ஊதிக்கொண்டிருந்தார். புகையாம்.