கரஸ்பாண்டன்ட் சுற்றிய ஆயில் எஞ்சின்

பழைய இரும்புக் கடையின் மினி லாரி பள்ளி கேட்டுக்குள் நுழைந்தபோது நான் ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். பாதியில் விட்டுவிட்டு ஓடினேன்.

சாதி, மதம் பார்க்காமல் எல்லார் வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்ட பள்ளி எங்களுடையது. கோவையின் பழைய பள்ளிகளில் ஒன்று. அதற்குள்ளேயே ஒரு மியூசியம் உண்டு. அதன் பொறுப்பும் என்னிடம்தான். அந்த ஹாலைக் காலி செய்து ஸ்மார்ட் கிளாஸ் போட எங்கள் கரஸ்பாண்டன்ட் முடிவு செய்துவிட்டார். முதல் பலி, அங்கே இருந்த கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் பழைய ஆயில் எஞ்சின். அது போனால் மற்றதெல்லாம் பின்னாலேயே போய்விடும்.

ஆட்கள் எஞ்சினை மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். கரஸ்பாண்டன்ட் பக்கத்தில் நின்றார்.

"ஏனுங்க சார், இது ஓடுற எஞ்சினுங்க," என்றேன்.

"அட, நீங்க வேற டீச்சர்! எங்கப்பாரு காலத்துச் சாமான். இது எங்கீங்க ஓடப்போவுது?"

பரீட்சை லீவில் பிள்ளைகளும் நானும் அதைத் துடைத்து, ஆயில் மாற்றி, டீசல் ஊற்றி வைத்திருந்தோம். லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு மாணவியின் அப்பா டீசல் பீய்ச்சும் நாசிலைச் சரிசெய்து கொடுத்தார். ஆனால் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்ததே இல்லை. ஓடும் என்று சும்மா அடித்துவிட்டேன்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினேன். புஸ். மறுபடியும் சுற்றினேன். புஸ். லாரிக்காரர் சிரித்தார். நான் விடாமல் மறுபடியும் ஹேண்டிலைப் பிடித்தேன்.

கரஸ்பாண்டன்ட்டுக்குத்தான் பொறுக்கவில்லை. பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்தில் எஞ்சின் ஓட்டி வளர்ந்த மனிதர்.

"அய்யோ, அப்படிச் சுத்துனா எப்படீங்க புடிக்கும்? தள்ளுங்க!"

வேட்டியை மடித்துக் கட்டினார். எஞ்சினின் இறுக்கத்தைத் தளர்த்தும் டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிப் பிடித்தபடி, ஃப்ளைவீல் சக்கரம் வேகமெடுக்கும்வரை சுற்றி, லீவரை விட்டார்.

டொக்... டொக்... டொக்டொக்டொக்!

கரும்புகை கிளம்பியது. பள்ளிக்கூடமே ஜன்னலுக்கு வந்து கூச்சல் போட்டது. நானும் வெட்கமில்லாமல் கை தட்டினேன்.

"புடிச்சிருச்சு பாத்தீங்களா!" என்று கத்தினார். சட்டையெல்லாம் கரி.

"லாரில ஏத்திப்போடலாமுங்களா சார்?" என்று வேண்டுமென்றே கேட்டேன்.

"ஓடுற எஞ்சின எவனாச்சும் எடைக்குப் போடுவானுங்களா? லாரியத் திருப்பி அனுப்புங்க!"

ஸ்மார்ட் கிளாஸ் அவருடைய ஆபீஸ் ரூமுக்கே போனது. அவர் மேஜையைத் தூக்கிக்கொண்டு மியூசியத்துக்குக் குடிவந்துவிட்டார். வருகிற விருந்தாளிக்கெல்லாம் எஞ்சினை ஓட்டிக் காட்டாமல் காபி கொடுப்பதில்லை.

புதிதாக மியூசியப் பொறுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். மூட வருகிறவரிடம் அதன் பெருமையைப் பேசிக்கொண்டிருக்காதீர்கள். அவர் கையில் ஹேண்டிலைக் கொடுங்கள்.