பெண் பார்க்கப் போய் வண்டிக்கு அடியில் படுத்தது

எழுபதுகளின் கடைசியில் எனக்கு இருபத்தாறு வயது. கல்யாணத்துக்கு என்னிடம் இருந்த ஒரே தகுதி அதுதான். ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு, பழைய வண்டிகளைச் சோதித்துச் சான்று எழுதிக் கொடுக்கும் ஒருவரிடம் திருச்சியில் உதவியாளனாக இருந்தேன். பிக்கப் வண்டிகளுக்கு அடியில் மல்லாந்து படுத்து, சேஸ் வளைந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சேஸ் என்பது வண்டியின் முதுகெலும்பு. மேலே இருக்கும் டிரைவர் கூண்டும் சரக்குத் தொட்டியும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கும்.

எங்கள் பக்கத்தில் இதற்கு வேலை நிறைய இருந்தது. காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வாழைத்தோப்புகளுக்குப் போய்வரும் வண்டிகள், ரோடு என்பதை யாரோ சொன்ன ஒரு யோசனையாகத்தான் எடுத்துக்கொண்டன. வாய்க்கால் கரையில் ஏறும், ஆற்று மணலில் இறங்கும், வாழைத்தார் முழுக்க ஏற்றிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி மேலே வரும். ஒருநாள் முதுகு வளைந்துவிடும். அதற்கப்புறம் நேராகப் போகச் சொன்னாலும் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் போகும்.

மனிதனின் கோணலைக் கண்டுபிடிக்க நான் தடித்தடியாக எத்தனையோ நாவல்கள் படித்திருந்தேன். வண்டியின் கோணலுக்குக் கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்று, சாக்பீஸ் ஒன்று, டேப் ஒன்று போதும். சேஸின் நான்கு மூலைகளிலிருந்து குண்டைத் தொங்கவிட்டு, அது தரையைத் தொடும் இடத்தில் புள்ளி வைக்க வேண்டும். வண்டியைத் தள்ளிவிட்டு, புள்ளிக்குப் புள்ளி குறுக்காக இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் சேஸ் நேர், இல்லையென்றால் வளைசல்.

இந்த நிலையில் ஸ்ரீரங்கத்தில் ஒரு வாழைக்காய் வியாபாரியின் வீட்டில் பெண் பார்க்கப் போனேன். துணைக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஓய்வு பெற்ற என் பெரியப்பா. பெண்ணின் போட்டோவை ஒரு வாரமாகச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். அந்த ஒரு வாரமும் நான் எழுதிக் கொடுத்த சான்றுகளை நம்பி வண்டி வாங்கியவர்களிடம் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

வாசலில் ஒரு பிக்கப் நின்றிருந்தது. பெண்ணின் அப்பா எங்களை உள்ளே கூப்பிடவில்லை.

“வாங்க தம்பி. உங்களுக்காகத்தான் நிறுத்தி வச்சிருக்கேன். இத வாங்கலாமான்னு யோசனை. விக்கிறவரு ஆறு மணிக்குப் பதில் கேட்டு வருவாரு. சேஸ் நேரா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. உங்க தொழிலும் எனக்குத் தெரிஞ்ச மாதிரி ஆச்சு.”

பெரியப்பா என் காதருகே குனிந்தார். “டேய், இன்னிக்கு இங்க பொண்ணு பாக்குறது இல்ல. மாப்பிள்ளை பாக்குறது. சொதப்பினா, பஜ்ஜி கூட கிடைக்காது.”

புது வேட்டி, சலவை மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை. எங்கே போனாலும் கூடவே வரும் பையிலிருந்து குண்டையும் சாக்பீஸையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு, அப்படியே வண்டிக்கு அடியில் நுழைந்தேன்.

“வண்டி தார் ரோட்டத் தவிர வேற எதையும் பாத்ததில்லையாம்” என்றார் மேலேயிருந்து பெண்ணின் அப்பா. அவர் சொல்லி முடிக்கும்போது சேஸின் இடுக்கிலிருந்து ஒரு பிடி ஆற்று மணல் என் வாயில் விழுந்தது. பிறந்ததிலிருந்து கொள்ளிடத்துக் கரையில் இருப்பவன் நான். எனக்கு அந்த மணல் தெரியும். ஆனால் வாயில் மணல் விழுந்ததைச் சான்றாக எழுத எங்கள் படிவத்தில் இடம் இல்லை. குண்டைத் தொங்கவிட்டு, சாணி தெளித்த தரையில் நான்கு புள்ளிகள் வைத்தேன். ஜன்னல் பக்கம் யாருடையதோ வளையல் சத்தம் கேட்டது. நான்காவது புள்ளி வைக்கும்போது என் கண் அந்தப் பக்கம் போனதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

வண்டியை மூன்று பேருமாகத் தள்ளி ஓரத்தில் நிறுத்தினோம். டேப்பை எடுத்தேன்.

“அளக்குறது எங்க போயிடப் போகுது? பஜ்ஜி ஆறுது, வாங்க” என்றார் பெண்ணின் அப்பா. பெரியப்பா அதற்குள் செருப்பைக் கழற்றியிருந்தார்.

பஜ்ஜி வாழைக்காயில் செய்தது. அந்த வீட்டில் வேறு எதில் செய்வார்கள். பெரியப்பா எட்டு சாப்பிட்டார். கால் மணி நேரம் கழித்து வாசலுக்கு வந்து பார்த்தால், என் புள்ளிகள் இருந்த இடத்தில் நீளமாக ஒரு கோலம். குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். உற்றுப் பார்த்தேன். நான்கு மூலைகளிலும் நான்கு புள்ளிகள் பத்திரமாக இருந்தன. அவற்றைச் சுற்றித்தான் இழையே ஓடியிருந்தது.

என் புள்ளிகளை அழிக்காமல் ஒரு பெண் கோலம் போட்டிருக்கிறாள் என்றால், உலக இலக்கியத்தில் இதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு என்று நினைத்தேன். டேப்பைப் பிடித்தேன். ஒரு குறுக்கு: எட்டடி நாலு அங்குலம். மறு குறுக்கு: எட்டடி நாலு அங்குலம். ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை. வாயில் இன்னும் மணல் நறநறத்தது. நான் டேப்பை நம்பினேன்.

உள்ளே போய்ச் சொன்னேன்: “சேஸ் அம்பு மாதிரி இருக்கு. தாராளமா வாங்கலாம்.”

பெரியப்பா, தானே தட்டி நிமிர்த்திய சேஸ் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த நேரத்தில் பெண் காபித் தட்டோடு வந்தாள். அவளும் கேட்கட்டும் என்று என் தொழில் நுட்பத்தை விளக்க ஆரம்பித்தேன். “வாசல்ல நாலு புள்ளி வச்சேன் பாருங்க, அதுலேருந்து குறுக்க அளந்தா…”

அவள் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். “அந்த நாலு புள்ளியா?”

“ஆமா.”

“அது நீங்க வச்சதா? யாரோ கோலத்துக்குப் புள்ளி வச்சுட்டுப் பாதியில போயிட்டாங்கன்னு நினைச்சேன். விளக்கு வைக்கிற நேரத்துல வாசல் அப்படிக் கிடந்தா அம்மா திட்டுவாங்க. அதான் முடிச்சேன்.” கொஞ்சம் நிறுத்தி, “ஒண்ணு கோணலா இருந்துச்சு. அழிச்சு நேரா வச்சேன்.”

பெரியப்பா கையிலிருந்த ஒன்பதாவது பஜ்ஜியை மெதுவாகத் தட்டில் வைத்தார்.

ஒரு பொய் தயாராக இருந்தது. நீங்கள் அழிப்பதற்கு முன்பே அளந்துவிட்டேன் என்றால் முடிந்தது. பெண்ணும் கிடைப்பாள், மானமும் மிஞ்சும். வண்டி நண்டாவது அடுத்த வாரத்துக் கவலை. வாயைத் திறந்தேன். பல்லில் மணல் கடிபட்டது.

“நான் கோலத்தைத்தான் அளந்திருக்கேன்” என்றேன். “வண்டிய அளக்கல. தப்பு என்னோடதுங்க.”

பெண்ணின் அப்பா மகளைக் கேட்டார். “எவ்வளவு கோணலா இருந்துச்சு?”

“முன்னாடி வலப்பக்கம். ரெண்டு விரல் தள்ளி.”

வண்டியைக் கோலத்தின் மேலேயே திரும்பத் தள்ளிவந்து, மறுபடி படுத்து, மறுபடி குண்டு விட்டு, இந்தத் தடவை யாரையும் நம்பாமல் புள்ளிகளின் பக்கத்திலேயே உட்கார்ந்து அளந்தேன். முன்னால் வலது மூலை ஒன்றேகால் அங்குலம் விலகியிருந்தது. இரண்டு விரலை வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. டேப் இல்லாமல், குண்டு இல்லாமல், நின்ற நிலையில் அவள் சொன்ன அளவு. எங்கள் முதலாளி அங்கே இருந்திருந்தால் என்னை அன்றே அனுப்பிவிட்டு அவளை வேலைக்கு வைத்திருப்பார்.

ஆறு மணிக்கு வந்தவரிடம், வண்டி வேண்டாம் என்று பெண்ணின் அப்பா சொல்லி அனுப்பினார். அடுத்தது நான்தான் என்று செருப்பைத் தேடினேன்.

“இரு தம்பி” என்றவர் மகள் பக்கம் திரும்பினார். “என்னம்மா சொல்ற?”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பெண் பார்த்தலில் நான் எதிர்பார்த்த பார்வை அல்ல அது. சேஸ் பார்க்கும் பார்வை.

“தினமும் இப்படித்தான் சட்டையெல்லாம் கிரீஸோட வருவாரா? எந்த சோப்பு போட்டாலும் போகாதே. யாரு தோய்க்கிறது?”

எனக்குப் புரியவில்லை. கிரீஸுக்கு மண்ணெண்ணெய் நல்லது என்று பதில் சொன்னேன். சிரித்துக்கொண்டே அவள் உள்ளே போய்விட்டாள். பெரியப்பா என் தொடையில் கிள்ளினார். பெண்ணின் அப்பா ஒன்பதாவது பஜ்ஜி இருந்த தட்டை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

“சாப்பிடுங்க சம்பந்தி” என்றார்.