கடலைக்காட்டுச் சேலை வேலி

இன்று காலை தேனியில் நான் வேலை பார்க்கும் சேலைக்கடையில், மாதிரி பார்ப்பதற்காக வந்த பழைய சேலை ஒன்றை உதறினேன். ரசகற்பூர வாசனை எழுந்தது. எனக்குக் கூடவே கடலைச் செடியும் மணத்தது.

வருசநாட்டில் எங்கள் கடலைக்காட்டைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டியிருப்போம். அவை காற்றில் ஆடினால் காட்டுப்பன்னி மிரண்டு வராது. அப்பாவின் தங்கை, என் அத்தை, புருசனைப் பறிகொடுத்து வெள்ளைச் சேலையோடு எங்களிடம் வந்த வருடம், அவள் டிரங்குப் பெட்டியில் இருந்த கலர்ச் சேலைகளையெல்லாம் அப்பா எடுத்துப்போய் வேலியாகக் கட்டினார். ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள். அந்த ஆடைப் பாதி சுற்றி நிற்க, ஆள் பாதி உள்ளே குனிந்து களை வெட்டியது. மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, வாடாமல்லி என்று சேலை வழியே வடிந்த வெயில் அவள் வெள்ளையில் ஊர்ந்துகொண்டே இருக்க, நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் வாடாமல்லியை மட்டும் அவிழ்த்து வந்து தலைக்கு வைத்துப் படுத்தாள். அந்தச் சந்தில் பன்னி புகுந்து காட்டைக் கிளறிவிட்டது.

"பன்னிகூடச் சேலையக் கண்டா ஒதுங்குது, ஒனக்கு ஆசை விடலையோ ஆத்தா?" என்று அம்மா சிரித்தாள்.

அப்பா சிரிக்கவில்லை. "நீயே கட்டு. இறுக்கிக் கட்டு" என்றார். கட்டினாள்.

இப்போது அந்தக் காடு வீட்டுமனை. நான் சேலைகளுக்கு உடலும் கரையும் பொருந்த நிறம் சேர்த்துக் கொடுக்கிறேன்.

"இப்பிடிச் சேக்க எங்கனக்கா படிச்சீக?" என்று கடைப் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

"எங்க அத்தை சேலையப் பாத்துத்தான்."

"அம்புட்டுச் சேலையா? குடுத்து வச்ச அத்தைதான்!" என்கிறார்கள்.